கழிமுகத் தூண்களும் அடிச்சேற்று உயிர்களும்: கிரியோசோட்டா, சி.சி.ஏ.வா, காங்கிரீட்டா?

கழிமுகத்தில் படகுத்துறைக்கோ கரைத்தடுப்புக்கோ மரம் நடுவோர் முதலில் அஞ்சுவது கப்பல்புழுவைத்தான். பெயரில் புழுவென்றாலும் மட்டி இனத்தைச் சேர்ந்த இந்த உயிர், வெளியே ஊசித்துளை மட்டும் தெரிய, உள்ளே மரத்தைச் சல்லடையாக்கிவிடும். அதைத் தடுக்க ஏற்றுகிற நஞ்சு தூணோடு நின்றுவிடுவதில்லை. கசிந்து அடிச்சேற்றில் இறங்குகிறது.

நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படும் கிரியோசோட்டை மரத்துக்குள் அழுத்தி ஏற்றும் முறைக்கு 1838இல் ஜான் பெத்தெல் காப்புரிமை பெற்றார். வெயில் ஏறினால் அத்தூண்களில் கரும்பிசுக்குக் கசிவதையும், நீர்மேல் எண்ணெய்ப் படலம் வானவில்லாய் விரிவதையும் கண்ணால் காணலாம். அதிலுள்ள பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் என்னும் நச்சுச் சேர்மங்கள் ஆக்சிஜனற்ற சேற்றில் எளிதில் சிதைவதில்லை. சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில், பல்லாண்டு பழைய கிரியோசோட் தூணின் மரத்தில் ஒட்டிய ஹெர்ரிங் மீன் முட்டைகள் பொரியாமல் போனதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். பழசானால் நஞ்சு போய்விடும் என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் கலந்த சி.சி.ஏ. மருந்தை 1930களில் உருவாக்கியவர் இந்தியரான சோந்தி காமேசம். இதில் கசிவு முதல் சில வாரங்களில் மிகுந்து, பிறகு வேகமாகக் குறைகிறது. மக்கள் அஞ்சுவது ஆர்சனிக்கை; ஆனால் கடலடி உயிர்களை அதிகம் வாட்டுவது செம்பு. இம்மரத்தால் சுவர் எழுப்பிய, நீரோட்டம் குறைந்த கால்வாய்களில் சிப்பிகளின் சதை செம்பேறிப் பச்சையாக மாறியதும், சுவரையொட்டிய சேற்றில் உயிரின வகைகள் குறைந்ததும் அமெரிக்க ஆய்வுகளில் தெரியவந்தன. மென்சேறு செம்பைப் பிடித்துக்கொள்ளும். பருமணலில் அவ்வளவு தங்காது. அலை வந்துபோகும் திறந்த இடத்தில் தனித்தனியே நிற்கும் தூண்களின் பாதிப்பு பெரும்பாலும் சில மீட்டர்களுக்குள் அடங்கிவிடுகிறது. ஆர்சனிக்கைத் தவிர்க்க வந்த புதிய மருந்துகள் பலவற்றில் செம்பு இன்னும் அதிகம் என்பதால், வீட்டு முற்றத்துக்கு நல்லதெல்லாம் சேற்றுக்கு நல்லதாகிவிடாது.

காங்கிரீட்டில் பூச்சிக்கொல்லி இல்லை. விலையும் எடையும் கூடுதல், நீரடியில் நிழல் விழுவது மட்டும் மரத்தூணில் போலவே இருக்கும். எஃகுக்குத் துரு பகை. துருவைத் தடுக்கப் பொருத்தும் துத்தநாகக் கட்டிகளும் நீரில்தான் கரைகின்றன.

என் முடிவு இடத்தைப் பொறுத்தது. நீர் நன்றாக ஓடும் இடத்தில் சில தூண்களே தேவையெனில், மருந்து மரத்தில் நன்கு பிணையும்வரை காத்திருந்து நடப்பட்ட சி.சி.ஏ. மரத்தை ஏற்கலாம். நீர் தேங்கும் சேற்றுக் கால்வாயில் நீளச் சுவர் எழுப்புவதென்றால் காங்கிரீட்டைத்தான் நாட வேண்டும். புதிதாகக் கிரியோசோட் தூண் நடுவதை எங்குமே நான் ஏற்கமாட்டேன்.

எந்த மருந்தேற்றிய மரமானாலும் அறுப்பதையும் துளையிடுவதையும் கரையிலேயே, கீழே விரிப்பு விரித்து முடித்துவிட வேண்டும். நீரில் உதிரும் ஒரு பிடி மரத்தூளின் புறப்பரப்பு அதே எடையுள்ள பலகையைவிடப் பன்மடங்கு என்பதால், மருந்தும் அதிலிருந்து அவ்வளவு விரைவாக வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி அடியில் படிந்து, சேற்றைத் தின்று வாழும் புழுக்களின் வயிற்றுக்கே போய்விடும்.