பழைய லேண்ட் குரூசரும் மணல் தடங்களும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

1977ஆம் ஆண்டில் தயாரான டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே40 ஒன்றை ஓடாத நிலையில் வாங்கி, இரண்டு ஆண்டுகள் சீரமைத்து, அதன் பிறகு நான்கு குளிர்காலங்களாகப் பாலைவனத் தடங்களில் ஓட்டி வருகிறேன். சீரமைப்புக்குப் பின் வண்டி 22,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, தாரைப் பார்க்காத வழி. இத்தகைய வண்டியை வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை அங்குலம் உயர்த்தினீர்கள், எவ்வளவு பெரிய டயர் போட்டீர்கள் என்பதைத்தான். இரண்டையும் நான் செய்யவில்லை. பாலைவனத்தில் இந்த வண்டி நின்றுபோன ஒவ்வொரு முறையும் காரணத்தைத் தேடிப் போனால், எனக்கு முன் வைத்திருந்தவர்கள் கழற்றிப் போட்ட ஏதோ ஒரு சிறு பாகத்தில்தான் அது போய் முடிந்தது. புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன், தொழிற்சாலை பொருத்தி அனுப்பியவை எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பதையே இந்த ஆறு ஆண்டுகளில் கற்றேன். கீழே வருவதெல்லாம் அதன் விவரம்.

எஃப்ஜே40 வகை 1960 முதல் 1984 வரை தயாரிக்கப்பட்டது. என் வண்டியில் இருப்பது 1975இல் அறிமுகமான 2எஃப் என்னும் 4.2 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். வேகத்துக்கான இன்ஜின் அன்று. நிமிடத்துக்கு 1800 சுற்றுகளிலேயே இழுவை உச்சத்துக்கு வந்துவிடும். முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சு, நான்கு மூலையிலும் லீஃப் பட்டைகள், தனிச் சேசிஸ், அதன் மேல் போல்ட்டு போட்டு இறுக்கிய உடல். கணினி எதுவும் இல்லை. பழுது என்று வந்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம், பெரும்பாலும் ஸ்பேனராலேயே தீர்க்கலாம். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பல கைகள் மாறி வந்த வண்டி என்பதால், ஒவ்வொரு கையும் எதையோ எடுத்திருக்கும், எதையோ ஒட்டுப் போட்டிருக்கும் என்பதை எண்ணிக்கொண்டேதான் முதல் நட்டில் கை வைக்க வேண்டும்.

உடலைச் சேசிஸிலிருந்து தூக்கியபோது, வெளியில் தெரிந்த துரு உள்ளே இருந்ததில் பாதிகூட இல்லை. பின்கதவுக்குக் கீழே குறுக்காக ஓடும் சட்டம், பின்சக்கர வளைவுகள், உடலைச் சேசிஸோடு பிணைக்கும் ரப்பர்த் தாங்கிகளைச் சுற்றிய தகடு ஆகிய மூன்று இடங்களிலும் சுத்தியலால் தட்டினால் ஓசை வராமல் தகடு உதிர்ந்தது. முந்தைய ஒட்டுகளின் மேல் இன்னொரு ஒட்டுப் போடாமல், நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். பெட்டி வடிவச் சட்டங்களின் உட்புறத்தில் வெல்டிங் ஆறிய பிறகு மெழுகுப் பூச்சைப் பீய்ச்சினோம். வெளிப்பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளிருந்து வரும் துருவை அது தடுக்காது. பெயிண்ட் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணற்காற்று ஒரே பருவத்தில் முன்பக்கத்தை மங்கவைத்துவிடும் என்பதால், அதில் நான் செலவிட்ட நாட்கள் வீண் என்றே இன்று நினைக்கிறேன்.

இன்ஜினைத் திறப்பதற்கு முன் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தேன். ஐந்தில் 135 முதல் 145 பவுண்டு வரை இருந்தது, நான்காவதில் 90. அந்தச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு மீண்டும் அளந்தும் முள் ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அழுத்தத்தை உயர்த்தியிருக்கும். உயரவில்லை என்றால் கசிவு வால்வில். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது எக்சாஸ்ட் வால்வின் ஓரம் கருகித் தின்னப்பட்டிருந்தது. வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையில் விடும் டேப்பெட் இடைவெளியைப் பல ஆண்டுகளாக யாரும் சரிபார்க்காததால், வால்வு முழுவதும் மூடாமல் சூட்டிலேயே நின்றிருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது உள்வாங்கும் வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர், எக்சாஸ்ட் வால்வுக்கு 0.35 மில்லிமீட்டர் என்பதே இதற்கான அளவு. அரை மணி நேர வேலைதான். அதைத் தள்ளிப்போட்டதன் விலை ஒரு ஹெட் வேலை. தீப்பொறி விழும் நேரத்தைச் சரிசெய்ய உதவும் இக்னிஷன் டைமிங் குறியை முன்பக்கக் கப்பியில் தேடி நான் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். இந்த இன்ஜினில் அது ஃப்ளைவீலில் பதித்த சிறு எஃகு உருண்டை. பின்னால் உள்ள சிறு சன்னல் வழியாகத்தான் தெரியும். அதைத் துடைத்து வெள்ளைப் புள்ளி வைத்த பிறகு, டைமிங் விளக்கின் ஒளியில் உருண்டை சுட்டியின் நேரே வந்து அசையாமல் நின்றது. பிஸ்டனின் மேல் நிலைக்கு 7 டிகிரி முன்பாக வைத்த அன்றுதான் இன்ஜின் முதன்முதலாகச் சீராக மூச்சுவிட்டது.

அதிக நேரம் எடுத்தது முன் அச்சு. இந்த வண்டியில் முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் இணைப்பு, கிரீஸ் நிரம்பிய ஓர் உருண்டைக் கூட்டுக்குள் இருக்கிறது. உள்ளே ஆயில் சீல் போய்விட்டால், அச்சிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலில் இருக்கும் ஆயில் அந்தக் கூட்டுக்குள் வந்து கிரீஸோடு கலந்துவிடும். நான் திறந்தபோது கரைத்த கூழ் போல ஒரு கறுப்புத் திரவம் தட்டில் வழிந்தது. அதை மண்ணெண்ணெயில் கழுவி விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்ததில் நெருநெருவென்று மணல் தட்டியது. வெளிப்புறத்தில் உருண்டையைத் துடைத்தபடியே இருக்கும் ஃபெல்ட் வளையம் (அழுத்திய கம்பளியால் ஆனது) ஒரு பக்கத்தில் இல்லவே இல்லை. யாரோ ஒருவர் பேரிங் மாற்றியபோது, இது எதற்கு என்று விட்டுவிட்டிருக்கிறார். மணலைக் கூட்டுக்குள் போகவிடாமல் காப்பது அந்த ஃபெல்ட் வளையம்தான். இருபுறமும் சீல், பேரிங், வளையம் எல்லாம் புதிதாகப் போட்டு, சக்கர பேரிங்கைப் பிடிக்கும் 54 மில்லிமீட்டர் நட்டுகளை முறைப்படி இறுக்கி, பூட்டுத் தகட்டை மடித்த பிறகு, நான்கு ஆண்டுகளில் ஒரே ஒருமுறைதான் அதைத் திறக்க நேர்ந்தது. அப்போதும் கிரீஸ் கிரீஸாகவே இருந்தது.

பாலைவனத்துக்குப் போன முதல் பயணத்தில், நண்பகலில் ஒரு மேட்டருகே வண்டியை நிறுத்தி இருபது நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தபோது இன்ஜின் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. கார்புரேட்டரின் கண்ணாடிச் சன்னலில் பெட்ரோல் கொதிப்பதைக் கண்ணாலேயே கண்டேன். குமிழிகள் மேலே ஏறி வெடித்துக்கொண்டிருந்தன. இந்த இன்ஜினில் உள்வாங்கும் குழாயும் எக்சாஸ்ட் குழாயும் ஒரே பக்கத்தில் இருப்பதால், கார்புரேட்டர் சூட்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது உள்ளே வரும் புதுப் பெட்ரோலே அதைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் கீழிருந்து ஏறும் சூடு முழுவதும் அதற்குப் போகும். இதற்காகவே இடையில் ஒரு தகட்டுத் தடுப்பும், தடித்த காப்புப் பட்டையும் வைத்து அனுப்புவார்கள். என் வண்டியில் பட்டை இருந்தது, தகடு இல்லை. அன்று ஒரு மணி நேரம் பானெட்டைத் திறந்து வைத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றித்தான் கிளம்பினோம். பழைய தகடு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பொருத்திய பிறகு, அதே வெயிலில் அதே போல நிறுத்தியும் அந்தத் தொல்லை வரவில்லை.

இரண்டாவது பாடம் ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறியைச் சுற்றியிருக்கும் கூண்டு. தார்ச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். கூண்டு இல்லாதது தெரியவே தெரியாது. மணலில் இரண்டாம் கியரில், லோ ரேஞ்ச் என்னும் குறைவேக இழுவை நிலையில், நடக்கும் வேகத்தில் இன்ஜின் முழுப் பாரத்தையும் இழுக்கும்போது, விசிறி ஒன்றுதான் துணை. கூண்டு இல்லாவிட்டால் அது ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல், பக்கங்களிலிருந்து சூடான காற்றையே சுற்றிச் சுற்றித் தள்ளும். பின்காற்று வீசினால் நிலைமை இன்னும் மோசம்: வண்டியும் காற்றும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் போவதால், ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது. அப்படி முள் ஏறினால் இன்ஜினை அணைக்காமல், வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி நிறுத்தி வெறுமனே ஓடவிட வேண்டும். சில நிமிடங்களில் முள் இறங்கிவிடும். 1920களின் இறுதியிலும் 1930களிலும் லிபியப் பாலைவனத்தில் ஃபோர்டு கார்களை ஓட்டிச் சென்ற ரால்ஃப் பேக்னால்டு, ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் ஆவியை ஒரு கலனில் பிடித்து, நீராக்கித் திரும்பச் செலுத்தும் ஏற்பாட்டைப் பயன்படுத்தினார். குடிக்கும் நீரை ரேடியேட்டருக்குக் கொடுக்காமல் இருப்பதற்கான வழி அது. என் வண்டியில் மூடியிலிருந்து சேர்கலனுக்குப் போகும் சிறு குழாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்; வாங்கியபோது அந்தக் குழாயும் அறுபட்டுத் தரையை நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தது.

மணலில் ஓட்டுவதில் எந்தக் கருவியையும்விட டயர்க் காற்றுதான் பெரிது. சாலையில் 32 பவுண்டு வைத்திருப்பேன். மணல் தொடங்கும் இடத்தில் 18க்கும், மாவு போன்ற மணலில் 15க்கும் இறக்குவேன். காற்று இறங்கியதும் டயர் அகலமாவதைவிட நீளவாக்கில்தான் அதிகமாகப் படிகிறது. அந்த நீண்ட தடமே வண்டியை மணலின் மேல் மிதக்கவைக்கிறது. 12க்குக் கீழே போனால், கூர்மையாகத் திரும்பும்போது டயர் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும் ஆபத்து உண்டு. புதைந்த வண்டியை மீட்க மட்டும் மெதுவாக அந்த அளவில் நகர்த்தலாம். முன்சக்கரங்களை முன் அச்சோடு இணைக்கும் ஃப்ரீ வீல் ஹப்பைப் பூட்டுவதையும் மணலுக்கு முன்பே, கெட்டியான தரையில் செய்துவிட வேண்டும். நிறுத்தும்போது பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து, மீண்டும் கிளம்புவதற்கு அதுவே அணையாகும். கால்களை எடுத்துவிட்டு, வண்டி தானே நிற்கவிட வேண்டும்; முடிந்தால் சரிவை நோக்கி.

மணற்குன்றின் காற்று வீசும் பக்கம் சாய்வு குறைந்தும் இறுகியும் இருக்கும். மறுபக்கம் மணல் தானே சரிந்து நிற்கக்கூடிய 34 டிகிரி அளவில், கால் வைத்தாலே வழுக்கும் தளர்ச்சியோடு இருக்கும். ஏறுவதானாலும் இறங்குவதானாலும் நேராகவே போக வேண்டும். குறுக்கே போனால் கீழ்ப்பக்கச் சக்கரம் புதைந்து வண்டி கவிழும். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது, நான் கீழேயே நிறுத்தி நடந்து ஏறிப் பார்ப்பேன். விடிந்த முதல் சில மணி நேரம், இரவின் ஈரமும் குளிரும் மணலை இறுக்கிவைத்திருக்கும். அப்போது மூன்றாம் கியரில் ஏறிய அதே குன்று, மதியத்தில் இரண்டாவதிலும் திணறவைக்கும். பெட்ரோல் கணக்கும் அதற்கேற்ப மாறும்: சாலையில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கும் என் வண்டி, குன்றுகளில் 3 கொடுத்தாலே நிறைவு. ஆகையால் டேங்கோடு இரண்டு 20 லிட்டர் ஜெர்ரி கேன்களும், ஆளுக்கு நாளொன்றுக்கு குறைந்தது 6 லிட்டர் நீரும் வைத்துக்கொள்வோம். இரண்டாவது வண்டி உடன் வராமல் நான் ஒருமுறைகூடப் போனதில்லை, போகவும் மாட்டேன்.

உண்மையில் வண்டியை அதிகம் சிதைப்பது மணல் அன்று. வரிவரியாக அலை எழுந்த சரளைத் தடம். நூறு கிலோமீட்டர் அப்படி ஓடினால், இறுகியிருக்கும் என்று நம்பிய ஒவ்வொரு போல்ட்டும் கேள்விக்குரியதாகும். மூன்றாம் ஆண்டில், வலது முன்சக்கரத்தின் ஸ்டியரிங் கையைப் பிடித்திருக்கும் நட்டுகள் தளர்ந்து, ஸ்டியரிங்கில் ஒரு சிறு ஊசல் தெரிந்தது. இறங்கிப் பார்த்தபோது அங்கிருந்த கூம்பு வடிவ வாஷர்களில் ஒன்றைக் காணோம். அதற்குப் பதிலாக யாரோ சாதாரண வாஷர் போட்டிருந்தார்கள். சீரமைக்கும்போது அதைக் கவனிக்காமல் அப்படியே இறுக்கியவன் நான். இப்போது ஒவ்வொரு நாள் மாலையிலும் அந்த நட்டுகளையும், லீஃப் பட்டைகளின் யு போல்ட்டுகளையும், ஷாக் அப்சார்பர் பிடிப்புகளையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவைக்கிறோம்.

மூல நிலையிலிருந்து நான் மாற்றியவை சில உண்டு. இருக்கை வார்களை மூன்று முனை வார்களாக மாற்றினேன். பெட்ரோல் வழியில் கூடுதலாக ஒரு ஃபில்டர் வைத்தேன், ஏனெனில் பயணி இருக்கைக்கு அடியில் உள்ள பழைய டேங்க் எவ்வளவு கழுவினாலும் துருத்தூளை விட்டுக்கொண்டே இருந்தது. தீப்பொறிக்கான மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் பாயிண்டுகளை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் போட்டேன், ஆனால் பாயிண்டும் கண்டென்சரும் கொண்ட பழைய டிஸ்ட்ரிபியூட்டர் துணியில் சுற்றி எப்போதும் வண்டியிலேயே இருக்கிறது. நீண்ட சாலைப் பயணத்துக்கு இது ஏற்ற வண்டி அன்று. 90 கிலோமீட்டருக்கு மேல் இரைச்சலில் பேச முடியாது, லீஃப் பட்டை முதுகை விடாது. குடும்பத்தோடு வசதியாகப் போக விரும்புபவர் வேறு வண்டி பார்ப்பதே நல்லது. மெதுவாகப் போக மனமும், வாரத்தில் ஒரு நாள் அடியில் படுக்கப் பொறுமையும் இருப்பவருக்கு, இதைவிட நேர்மையாக நடந்துகொள்ளும் வண்டியை நான் ஓட்டியதில்லை.

இப்போது மூன்றாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது ஒரு கரகரப்பு கேட்கிறது; கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்க வேண்டும். புது வளையங்களும் சீல்களும் வந்து சேர்ந்துவிட்டன. வெயில் காலம் முடிவதற்குள் கியர் பெட்டியை இறக்கித் திறக்கப் போகிறேன். இம்முறை உள்ளிருந்து எடுக்கும் ஒவ்வொரு வாஷரையும், பொருத்தும்முன், உதிரிபாகக் கையேட்டின் படத்தோடு ஒன்றொன்றாக வைத்துச் சரிபார்ப்பேன்.