அறையை அளந்த பிறகே புரொஜெக்டர்: வீட்டுத் திரைக்கான கருவிகள் பற்றிய ஒரு மதிப்பீடு

வீட்டில் படம் பார்ப்பதற்குப் புரொஜெக்டர் வாங்க நினைப்பவர் முதலில் ஆராய வேண்டியது தம் அறையை. புரொஜெக்டரால் சுவரில் ஒளியைச் சேர்க்க முடியுமே தவிர, இருளைச் சேர்க்க முடியாது; படத்தில் வரும் கறுப்பு, அந்த அறையில் திரை இயல்பாகவே எவ்வளவு இருண்டிருக்கிறதோ அதற்கு மேல் ஆழமாகாது. சன்னலில் பகல் வெளிச்சம் புகும் அறையில் எத்தனை உயர்ந்த கருவியை வைத்தாலும் இரவுக் காட்சிகள் சாம்பல் பூத்தே தெரியும். வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் திரையின் ஒளியையே திருப்பி அதன் மேல் வீசி, இதே கேட்டை இரவிலும் சிறிதளவு செய்கின்றன. பகலில் செய்தியும் விளையாட்டும் பார்ப்பதே முதன்மைத் தேவை என்றால், பெரிய தொலைக்காட்சியை வாங்கிவிடுவதே நல்லது.

இருட்டாக்கக்கூடிய அறைக்குத் தேவைப்படும் ஒளியோ பலரும் எண்ணுவதைவிடக் குறைவு. 16:9 வடிவில் 100 அங்குல மூலைவிட்டம் கொண்ட திரை ஏறத்தாழ 221 சென்டிமீட்டர் அகலமும் 125 சென்டிமீட்டர் உயரமும் உடையது. பரப்பளவு சுமார் 30 சதுர அடி. டிஜிட்டல் திரையரங்குகள் பின்பற்றும் வெளிச்ச அளவை எட்ட, சாதாரண வெள்ளைத் திரையில் சதுர அடிக்கு ஏறக்குறைய 14 லூமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) விழுந்தால் போதும். மொத்தம் 420 லூமென். அப்படியிருந்தும் 2000 லூமெனுக்குக் குறையாத கருவியைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அறிவிக்கப்படும் எண் பெரும்பாலும் பச்சை தூக்கலாகத் தெரியும் மிகப் பிரகாசமான அமைப்பில் அளக்கப்பட்டது. நிறங்கள் சரியாக இருக்கும் அமைப்புக்கு மாறினால் அதில் கணிசமான பங்கு போய்விடும், விளக்கு பழையதாக ஆக இன்னும் குறையும். திரையை 100 அங்குலத்திலிருந்து 120 அங்குலமாக்கினால் பரப்பு 44 சதவீதம் கூடுவதால், அதே ஒளி மேலும் மெலிந்து பரவும்.

இந்தக் கணக்கெல்லாம் எண் உண்மையானதாக இருந்தால்தான் செல்லும். ஆன்சி அல்லது ஐஎஸ்ஓ 21118 என்னும் தரப்படுத்தப்பட்ட முறையில் அளந்ததாகக் குறிப்பிடாமல், உள்ளங்கை அகலப் பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட லூமெனை நம்பலாகாது. "4கே ஆதரவு" என்ற வாசகமும் அதே இனத்தைச் சேர்ந்தது: 4கே காணொளியை உள்வாங்க முடியும் என்பதையே அது சொல்கிறது, திரையில் அத்தனை பிக்சல்கள் விழும் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டியது கருவியின் இயல்பான தெளிவுத்திறனை. 1920×1080 பிக்சல் கொண்ட ஒரு நேர்மையான கருவி, பெரிய எழுத்தில் 4கே என்று எழுதிய மலிவுக் கருவியைவிட எப்போதும் மேலானது.

தொழில்நுட்பத்தில் மூன்று வழிகள் உள்ளன. 1987-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹார்ன்பெக் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லிலிருந்து வளர்ந்தது டிஎல்பி. கூர்மையான படம், தூசி எளிதில் புகாத அமைப்பு ஆகியவை இதன் பலம். ஆனால் வீட்டுக் கருவிகளில் ஒரே சில்லு இருப்பதால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றை அடுத்தடுத்துக் காட்டுகிறது. கண்ணை வேகமாக நகர்த்தும்போது சிலருக்கு வெண்மையின் ஓரத்தில் வானவில் கீற்று தோன்றும். பலருக்கு இது தெரிவதேயில்லை, தெரிபவருக்கோ படம் முழுவதும் உறுத்தும். ஆகவே வீட்டார் அனைவரும் நேரில் பார்த்த பின்னரே வாங்குவது முறை. எப்சன் கருவிகளில் உள்ள 3எல்சிடி முறையில் மூன்று நிறங்களும் ஒரே நேரத்தில் விழுவதால் இச்சிக்கல் இல்லை. ஜேவிசியும் சோனியும் வளர்த்த எல்காஸ் (சிலிக்கான் சில்லின் மேல் அமைந்த திரவப் படிகம் ஒளியைத் திருப்பி அனுப்பும்) முறையில் கறுப்பு மிக ஆழமானது, விலையும் அதற்கேற்ப ஏறும். முழு இருட்டறை வாய்த்தவர், பிக்சல் எண்ணிக்கையைவிட இந்தக் கறுப்புக்கே பணத்தைச் செலவிடலாம் என்பது என் கருத்து.

அடுத்தது தூரம். திரையின் அகலத்தை த்ரோ விகிதத்தால் (தொலைவுக்கும் பட அகலத்துக்கும் உள்ள விகிதம்) பெருக்கினால் லென்ஸ் இருக்க வேண்டிய தொலைவு கிடைக்கும்; 100 அங்குலத் திரைக்கு 1.2 விகிதக் கருவி சுமார் 2.65 மீட்டர் பின்னால் இருக்க வேண்டும். நேர் நடுவில் வைக்க இடமில்லையெனில் லென்ஸ் ஷிஃப்ட், அதாவது லென்ஸை நகர்த்திப் படத்தை இடம் மாற்றும் வசதி, உள்ள கருவியைத் தேடுவது நலம். கருவியைச் சாய்த்து வைப்பதால் கோணலாகும் படத்தைச் சரிசெய்யும் கீஸ்டோன் திருத்தம், படத்தை மின்னணு முறையில் நசுக்கி நேராக்குவதால் பிக்சல்களையும் கூர்மையையும் பலி கொடுக்கிறது. அவசரத்துக்கு உதவும், நிரந்தர ஏற்பாட்டுக்கு ஆகாது.

லேசர் ஒளி மூலத்துக்குப் பெரும்பாலும் 20,000 மணி நேரம் வரை ஆயுள் சொல்லப்படுகிறது; விளக்கு மாற்றும் வேலையும் இல்லை. சுவரை ஒட்டி வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ கருவிகள் பலவும் லேசரையே பயன்படுத்துகின்றன. அவற்றின் ஒளி கீழிருந்து மிகச் சாய்வாக ஏறுவதால், சுருட்டித் தொங்கவிடும் திரையின் சிறு மடிப்பும் படத்தில் அலையாகத் தெரியும். அவற்றுக்கென்றே செய்யப்பட்ட, சட்டத்தில் இழுத்துக் கட்டிய திரையின் விலையையும் சேர்த்துத்தான் அந்தக் கருவிகளின் விலையைக் கணக்கிட வேண்டும்.