அரியமான் – பிரப்பன்வலசை கடல்: ஒலிம்பிக் கேட்கும் தரத்துக்கு எவ்வளவு தூரம்?

2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து இந்திய ஒலிம்பிக் சங்கம் 2024 அக்டோபர் 1 அன்று கடிதம் கொடுத்தது. 2025 நவம்பரில் 2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு உறுதியானது. தமிழ்நாடு அரசும் ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அறிவித்திருக்கிறது. இவை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அரியமான் கடற்கரை இருக்கும் உச்சிப்புளிப் பக்கம் எழும் கேள்வி நியாயமானதுதான்: பாய்மரப் போட்டியை நம்ம கடலுக்குக் கேட்டால் என்ன?

அந்தக் கேள்வியை முன்வைத்து இந்தக் கரையை, இப்போது கிடைக்கும் பயிற்சி வசதிகளோடு சேர்த்து மதிப்பிடலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கைட், அதாவது பெரிய பட்டம் இழுக்க நீரில் பலகையில் ஓடும் விளையாட்டு, கற்றுக்கொள்ள அருமையான இடம். தேசிய அளவிலான கைட், விண்ட்சர்ஃப் (பாய் பொருத்திய பலகை) போட்டிகளுக்குத் தகும். ஒலிம்பிக்கில் அந்த இரண்டை மட்டும், தற்காலிக அமைப்பில் நடத்தக் கேட்கலாம். இவையும் அடங்கிய பாய்மரத்தின் 10 பிரிவுகளையும் இங்கே கொண்டுவருகிறேன் என்று யாராவது படகுத்துறை கட்டக் கிளம்பினால், ராமநாதபுரத்துக்காரர்கள்தான் முதலில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

போட்டி நடத்தும் நகரம் ஒன்று, கடல் வேறு என்பது புதிதல்ல. 2008 பெய்ஜிங்குக்குச் சிங்தாவ், 2012 லண்டனுக்கு வேமத், 2024 பாரிசுக்கு மார்செய். அதே பாரிஸ், அலைச்சறுக்குப் போட்டியைப் பசிபிக்கின் நடுவே இருக்கும் தஹிதிக்கே அனுப்பியது. 2024 ஒலிம்பிக்கை நடத்தும் உரிமைக்கான போட்டியிலிருந்து பாஸ்டன், ஹாம்பர்க், ரோம், புடாபெஸ்ட் ஒவ்வொன்றாக விலகிய பிறகு, 2019-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தேர்வு முறையையே மாற்றியது. பல நகரங்களை மோதவிட்டு வாக்கெடுப்பது போய், ஆர்வமுள்ள நாட்டோடு தொடர்ந்து பேசி, கடைசியில் ஒரு நகரத்தை முன்னிறுத்தும் முறை வந்தது. பிரிஸ்பேன் 2021-ல் அப்படித்தான் 72–5 என்று தேறியது. 2025-ல் தலைவர் பொறுப்புக்கு வந்த கிர்ஸ்டி கோவென்ட்ரி இந்த முறையையும் மறுஆய்வுக்கு எடுத்திருக்கிறார். எப்படி மாறினாலும், இருப்பதைப் பயன்படுத்து, இல்லாவிட்டால் தற்காலிகமாகப் போடு என்ற அறிவுரை மாறும் என்று தோன்றவில்லை. அரியமான் போன்ற கரைக்கு இருக்கும் ஒரே வாசல் அதுதான்.

காற்றிலிருந்து தொடங்குவோம். இந்தக் கரையின் சொத்தே அதுதான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று. தமிழகத்துக்கும் இலங்கைக்கும் இடையிலான குறுகலில் அது நெருக்குண்டு வேகம் கூடுகிறது. எதிர்க்கரையில் கல்பிட்டி உலகக் கைட் வரைபடத்தில் இடம்பிடித்தது இதே காற்றால்தான். வடகிழக்குப் பருவத்தின் மழையும் புயல் பயமும் அடங்கிய பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரை வாடை சீராக வீசும். ஆண்டில் இரண்டு பருவம், இரண்டு பக்கமும் கடல். ஒரு பக்கம் கொந்தளித்தால் மறுபக்கம் தணிந்திருக்கும். அரியமான் இருக்கும் பாக் நீரிணை பொதுவாக அமைதியானது என்பதால் அதைப் பெண் கடல் என்றும், கொந்தளிப்பு மிகுந்த மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் ஊரார் பிரித்துச் சொல்வார்கள்.

காற்று இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மார்செய் சாட்சி. 2024-ல் கைட் இறுதிப் போட்டிகள் காற்றில்லாமல் தள்ளிப்போயின. ஒலிம்பிக் கைட் போட்டி நடத்தக் குறைந்தது 6 நாட் காற்று வேண்டும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஜூலையில் இங்கே அந்தக் கவலை அநேகமாக இல்லை.

ஆனால் காற்றின் வேகத்தோடு திசையையும் பார்க்க வேண்டும். அரியமான் வடக்குப் பார்த்த கரை. வாடை வீசும்போது காற்று கடலிலிருந்து சாய்வாகக் கரையைத் தொடும். கைட் கைவிட்டுப் போனாலும் ஆள் கரைக்கு ஒதுங்குவார். கச்சான் வீசும்போது காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. விழுந்தவரை அது நீரிணையின் நடுவுக்குத் தள்ளும். போதாததற்குக் கரையோரம் சவுக்குத் தோப்பு. மரத்தின் உயரத்தைப் போல் 7 முதல் 10 மடங்கு தூரம் வரை காற்று உடைந்து சுழலும் என்பது கைட் ஓட்டுபவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 10 மீட்டர் சவுக்கு என்றால் 70 முதல் 100 மீட்டர். அந்தப் பட்டைக்குள் கைட்டை ஏற்றினால் சட்டென்று தொய்ந்து விழும், அடுத்த நொடி முறுக்கிக்கொண்டு இழுக்கும். கற்றுக்கொள்பவருக்கு அது ஆபத்து.

ஒலிம்பிக்குக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காலம் ஜூலை நடு முதல் ஆகஸ்ட் கடைசி வரை. அதாவது, இந்தக் கரைக்குப் பொருந்தாத பருவம். ஓட்டத்தடத்தைக் கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் காற்று சீராகக் கிடைக்கும், அலையும் இருக்காது. அதற்கு மீட்புப் படகுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். முடியாத காரியமில்லை, ஆனால் திட்டத்தில் முதல் நாளே எழுத வேண்டிய செலவு.

அடுத்தது ஆழம். அரியமானைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் புகழ்வது ஆழமில்லாத தண்ணீரை. நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுதான். விழுந்தால் எழுந்து நிற்கலாம். கயாக்குக்கும் துடுப்புப் பலகைக்கும் முதல் முறை கைட் பிடிப்பவருக்கும் இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. ஒலிம்பிக்குக்கு இதே தண்ணீர்தான் பெரிய தடை. அங்கே ஓட்டுவது சாதாரணப் பலகை அல்ல, ஃபாயில். பலகையின் அடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குக் கார்பன் தண்டு, அதன் நுனியில் விமான இறக்கை போன்ற இரண்டு தகடுகள். வேகம் எடுத்ததும் பலகை நீருக்கு மேலே எழும்பிவிடும், தகடுகள் மட்டும் உள்ளே ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தகடு மணலில் முட்டினால் பலகை நின்றுவிடும், ஆள் முன்னால் பறப்பார். தண்டு வெடிக்கலாம், இறக்கையின் முனை உடையலாம். உடைந்த கார்பன் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும்.

அதனால் நெஞ்சளவுத் தண்ணீர் வரும்வரை பலகையைக் கவிழ்த்துப் பிடித்தபடி, கைட்டை ஒரு கையால் தலைக்கு மேலே நிறுத்திக்கொண்டு நடந்தே போக வேண்டும். ஒரு பிரிவுக்கு 20 பேர் இப்படி நடந்தால் தொடக்கமே தாமதமாகும். கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் ஓதத்துக்குக் காத்திருந்தும் பயனில்லை. கரையில் ஏற்றிய கைட்டோடு வீரரைப் படகில் 2 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோய் இறக்குவது ஒரு வழி. பயிற்சி பெற்ற ஓட்டுநர் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. கயிறு படகின் புரொப்பெல்லரில் சிக்கினால் முடிந்தது கதை.

கடற்புல்லும் உண்டு. காற்று பலமாக அடித்த மறுநாள் பிடுங்கிய புல் மிதந்து வந்து தகட்டில் சுற்றிக்கொள்ளும், வேகம் பாதியாகும். சிங்தாவில் 2008 போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் பச்சைப் பாசி கடலை மூடியபோது, ஆயிரக்கணக்கான ஆட்களை இறக்கி அள்ளினார்கள். இங்கே புல்லை அள்ளுவது என்ற பேச்சே கூடாது. அது கடற்பசுவின் சாப்பாடு. புல் இல்லாத தடத்தைத் தேடிப் போவதுதான் சரி.

மன்னார் வளைகுடாப் பக்கம் ஆழம் சீக்கிரம் கிடைக்கும், கச்சானும் நேராகக் கிடைக்கும். அங்கே போய்விடலாமே என்று கேட்பார்கள். 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளத்திட்டுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் தீவுகளில் கால் வைக்க முடியாது. தனுஷ்கோடியிலோ 2025 ஜூனில் பூநாரை சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது, இலங்கையோடான கடல் எல்லைக் கோடும் பக்கத்தில். சில நாள் போட்டிக்காக இதில் எதையும் தளர்த்தக் கேட்பதை நாங்கள் ஆதரிக்க மாட்டோம். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருப்பதையும் மறக்கக் கூடாது. நேரலைக்கு ஹெலிகாப்டர், ட்ரோன் பறக்கவிட அவர்களின் அனுமதி வேண்டும்.

ஒலிம்பிக்கை நடத்த உரிமை கேட்கும் ஏலக் கோப்புகளில் உத்தரவாதக் கடிதங்கள் என்று ஒரு பெரிய கட்டு இருக்கும்: அரசு கையெழுத்து, நில உரிமையாளர் கையெழுத்து, பாதுகாப்பு, சுங்கம். இந்தக் கடலில் அந்தக் கட்டின் மேல் இருக்க வேண்டியது மீனவர் சங்கங்களின் ஒப்புதல். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுகள் மீதி நாள் என்று முறை வைத்துக் கடலைப் பகிர்கிறார்கள். கரையோர ஆழமில்லாத பகுதி நாட்டுப்படகுக்காரர்களுடையது. போட்டித் தடம் விழப்போவதும் அதே இடத்தில். அடியில் விரித்த நண்டு வலைக்கு மேலே தெரிவது ஒரு சின்ன மிதவை மட்டுமே. ஃபாயில் அதன் கயிற்றை அறுத்தால் வலையும் போச்சு, அன்றைய வருமானமும் போச்சு.

அப்புறம் கடற்பாசி வளர்ப்பு. 12-க்கு 12 அடி மூங்கில் மிதவைகள், பெரும்பாலும் பெண்கள் உழைப்பில் ஓடும் தொழில். விதைப்பாசி கட்டியதிலிருந்து 45 நாளில் அறுவடை. மிதவையை நடுவில் நகர்த்தினால் கயிறு தளர்ந்து பாசி உதிரும். அதனால் இடம் தேவைப்பட்டால் குறைந்தது இரண்டு சுற்று, அதாவது 90 நாளுக்கு முன்பே சொல்லி, கட்டாமல் விட்ட மிதவைக்கெல்லாம் கணக்குப் பார்த்துப் பணத்தை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். போட்டி முடிந்த பிறகு மனு எழுதி அலையவிடக் கூடாது. ரியோ 2016-க்கான ஏலத்தில் குவானபாரா விரிகுடாவில் கலக்கும் கழிவுநீரில் 80 சதவீதத்தைச் சுத்திகரிப்போம் என்று எழுதிக் கொடுத்தார்கள். போட்டி வந்தபோது அது நிறைவேறியிருக்கவில்லை. முன்கூட்டியே தீராத எந்த வாக்குறுதிக்கும் அந்தக் கதிதான்.

கரைமேல் நிலைமை பரவாயில்லை. அரியமான் பாம்பனுக்கு இந்தப் பக்கமே இருப்பதால் பாலத்தைக் கடக்க வேண்டியதில்லை. அணிகளின் கன்டெய்னர்கள் தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துவிடும். பரமக்குடி – ராமநாதபுரம் நான்குவழிச் சாலைக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது. அறைகள்தான் இடிக்கும். ஆடி அமாவாசை போட்டிக் காலத்துக்குள்ளேயே விழும். அன்று ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றும் நிரம்பி வழியும். யாத்ரீகர்களை ஒதுக்கிவிட்டு வீரர்களுக்கு அறை கொடுப்பது நியாயமாகாது. மதுரை வரை பிரித்து வைக்க வேண்டும். நல்ல தண்ணீரும் யோசிக்க வேண்டியது: உப்பு ஏறிய கைட், கயிறு, கப்பி எல்லாவற்றையும் தினமும் அலச வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீரில் கை வைக்காமல் அதற்குத் தனி ஏற்பாடு தேவை.

ஒலிம்பிக் வரும்போது வரட்டும், இப்போது கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. ஜனவரி முதல் மார்ச் வரை போங்கள். மூன்று நான்கு நாளில் 9 முதல் 12 மணி நேரப் பயிற்சி, தனியாகக் கொஞ்ச தூரம் ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரும். ஒரே நாளில் கற்றுத்தருகிறோம் என்றால் நம்ப வேண்டாம். பணம் கட்டும் முன் பயிற்சியாளரின் சான்றிதழைக் கேளுங்கள், மீட்புப் படகில் எரிபொருளோடு ஆள் நிற்கிறாரா என்று கண்ணால் பாருங்கள். கைட்டை உடனே கழற்றிவிடும் அவசர விடுவிப்பை உங்கள் கையாலேயே மூன்று முறை இழுத்துப் பாருங்கள். மணலும் உப்பும் புகுந்து இறுகியிருந்தால் வேறு பார் (கைட்டைப் பிடித்து இயக்கும் தண்டு) கேட்டு வாங்குங்கள். கைட்டின் கயிறு 24 மீட்டர் என்றால், காற்று போகும் திசையில் குறைந்தது 50 மீட்டருக்குப் படகு, கம்பம், ஆள் எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். ரப்பர் காலுறை கட்டாயம். சொறி எனப்படும் ஜெல்லிமீன் அதிகம் தென்படும் நாளில் முழுக்கை உடை போடுங்கள்.

கச்சான் காலத்தில் அரியமான் பக்கம் கயாக்கில் போகிறவர்கள், போகும்போது சுகமாகத் தள்ளும் காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். காலை 9 மணிக்குள் கரை சேருங்கள். பயிற்சி தருபவர்கள் ஒரே ஒரு மாற்றம் செய்தால் போதும்: கரையில் ஒரு பலகை நட்டு, அன்றைய காற்றின் திசை, வேகம், நண்டு வலை விரித்திருக்கும் பகுதி, பாசி மிதவைகளின் எல்லை நான்கையும் தினமும் காலையில் எழுதிப் போடுங்கள். வலை எங்கே என்று சொல்ல, விடியுமுன் கடலுக்குப் போய்த் திரும்பும் அண்ணன்மார் கரையிலேயேதான் இருக்கிறார்கள்.