உயிர் எடையா, கறி எடையா: ஒட்டக வணிகத்தின் இரண்டு வழிகள்

ஒட்டகக் கறி உலகச் சந்தைக்கு முக்கியமாக இரண்டு வழிகளில் போகிறது. சோமாலியா, சூடான் நாடுகளின் ஒட்டகங்கள் உயிருடனேயே வளைகுடாவுக்கும் எகிப்துக்கும் செல்கின்றன; ஆஸ்திரேலியாவிலோ அறுத்து, உறையவைத்துப் பெட்டியில் அனுப்புகிறார்கள். கண்ணபுரத்திலும் அந்தியூரிலும் கால்நடை பிடித்துப் பழகிய நம் பக்கத்து வியாபாரிகள் இவற்றில் எது நிலைக்கும் என்று எளிதில் கணக்கிடுவார்கள். (இங்கேயே தொழில் தொடங்கலாம் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். ராஜஸ்தான் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒட்டகம் அறுப்பதைத் தடை செய்துவிட்டது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் இருந்தவையே சுமார் இரண்டரை லட்சம்தான்.)

உயிருடன் விற்பதன் பலம் வாங்குபவரின் நாக்கில் இருக்கிறது. அரபு நாடுகளில் இளம் ஒட்டகத்தை அன்றே அறுத்த கறிக்கும் திமில் கொழுப்புக்கும் தனி மதிப்பு உண்டு. அனுப்பும் நாட்டில் குளிர்பதனக் கிடங்கோ பெரிய அறுவைக்கூடமோ வேண்டியதில்லை. பெர்பெரா போன்ற ஒரு துறைமுகமும், தீவனமும், நம்பகமான தரகர்களும் இருந்தால் வியாபாரம் நடக்கும். ஆனால் வழியில் குறையும் எடையும் நோய்த் தடையும் மேய்ப்பவர் தலையில்தான் விழுகின்றன. ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலைக் காரணம் காட்டி 2000ஆம் ஆண்டில் சவுதி அரேபியா விதித்த இறக்குமதித் தடை, சோமாலியாவைப் பொறுத்தவரை 2009 வரை நீடித்தது. பறவைக் காய்ச்சல் செய்தி வந்தாலே ஏற்றுமதி நின்றுவிடுமோ என்று அஞ்சும் நாமக்கல் பண்ணையாளருக்கு அந்த ஒன்பது ஆண்டுகளின் பொருள் விளங்கும்.

பெட்டிக் கறியில் இந்த அபாயம் குறைவு. உயிர் எடையில், தலை, தோல், குடல் நீக்கியபின் ஏறக்குறையப் பாதியே தேறும் என்பதால், வீண் சுமைக்குக் கப்பல் வாடகை கொடுக்க வேண்டியதுமில்லை. ஆஸ்திரேலியாவின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அங்கே கறிக்குப் போகும் ஒட்டகங்களில் பெரும்பாலானவை யாரும் பட்டி கட்டி வளர்த்தவை அல்ல. பாலைவனப் போக்குவரத்துக்காக 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டு, லாரிகள் வந்தபின் கைவிடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். ஹெலிகாப்டரில் விரட்டிச் சேர்த்து, நெடுந்தூரம் லாரியில் ஏற்றி வந்தால்தான் அறுவைக்கூடத்தை எட்ட முடியும். காட்டில் பெருகிவிட்ட இவற்றின் எண்ணிக்கையைக் குறைக்க 2009 முதல் 2013 வரை நடந்த அரசுத் திட்டத்தில் அகற்றப்பட்ட சுமார் 1,60,000 ஒட்டகங்களில் பெரும்பகுதி சுட்டுக் கொல்லப்பட்டு அங்கேயே விடப்பட்டதற்கு இந்தச் செலவே முக்கியக் காரணம். மேலும், கிடைத்ததைப் பிடிப்பதால் வயது கலந்துவிடுகிறது. முதிர்ந்த கறி கடினமாக இருக்கும். அமெரிக்காவின் மினியாபோலிஸ் போன்ற நகரங்களில் குடியேறிய சோமாலியர்கள் இதை வாங்குகிறார்கள். வளைகுடாவின் இளங்கறிச் சந்தையை இதனால் பிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரு தரப்புக்கும் பொதுவான தடையும் ஒன்று உண்டு. ஒட்டகத்தின் சினைக்காலம் ஏறக்குறைய 13 மாதங்கள். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு கன்றுதான். பல்லடத்துக் கறிக்கோழியைப் போல விலை ஏறியவுடன் அடுத்த தொகுதியை விட்டு உற்பத்தியைப் பெருக்க இதில் வழியே இல்லை.

ஆகவே, இன்றைய நிலையில் வளைகுடாவுக்கு உயிருடன் அனுப்புவோர் கையே ஓங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. அதைத் தளர்த்தக்கூடிய போட்டி ஆஸ்திரேலியாவைவிட எத்தியோப்பியாவிலிருந்து வரவே வாய்ப்பு அதிகம்: அங்குள்ள அறுவைக்கூடங்கள் ஏற்கெனவே ஆட்டுக்கறியைக் குளிரூட்டி, உறையவைக்காமல் விமானத்தில் வளைகுடாவுக்கு அனுப்புகின்றன. அதே வழியில் இளம் ஒட்டகக் கறியும் பெருமளவில் செல்லத் தொடங்கினால், நோய்த் தடைக்கு அஞ்சி உயிருருப்படி வாங்கத் தயங்கும் இறக்குமதியாளர்கள் முதலில் அந்தப் பக்கம் திரும்புவார்கள்.