பிரின்டரை இணைக்க இணையத்தில் உதவி எண் தேடாதீர்கள்

புதிய பிரின்டர் வாங்கி, அது கணினியோடு இணையாமல் தவிப்பவர்களைக் குறிவைத்தே ஒரு மோசடிக் கும்பல் இயங்குகிறது. பாளையங்கோட்டையில் இருக்கும் என் அத்தையிடம் அவர்கள் 5,900 ரூபாய் பறித்துவிட்டார்கள். அவருடைய ஓய்வூதியக் கணக்கு முழுவதும் போயிருக்க வேண்டியது; மயிரிழையில் தப்பியது. ஏமாற்றும் முறை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தயவுசெய்து அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அத்தை கணித ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறார். அரையாண்டுத் தேர்வு நெருங்கியதால், ஜெராக்ஸ் கடைக்கு அலையாமல் மாதிரி வினாத்தாள்களை வீட்டிலேயே அச்சடிக்கலாம் என்று வைஃபை வசதியுள்ள இங்க்ஜெட் பிரின்டர் ஒன்றை வாங்கினார். பெட்டிக்குள் சிடி இல்லை. வெறும் படங்கள் போட்ட ஒரு மடிப்புத்தாள், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் இணைய முகவரி, அவ்வளவுதான். பிரின்டரில் வைஃபை விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்ததே தவிர இணைப்புக் கிடைக்கவில்லை.

தாளில் இருந்த முகவரியை அவர் தேடல் பெட்டியில் தட்டச்சு செய்தார். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறோம். முடிவுகளின் உச்சியில் வந்தது பிரின்டர் நிறுவனத்தின் பக்கம் அல்ல; காசு கொடுத்து அந்த இடத்தைப் பிடித்திருந்த ஒரு விளம்பரம். அதே நிறம், அதே மாதிரியான படங்கள், முகவரியில்கூட நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. மாடல் எண், பெயர், தொலைபேசி எண் மூன்றையும் கேட்டது. கொடுத்ததும் "டிரைவர் பதிவிறக்கப்படுகிறது" (பிரின்டரைக் கணினி இயக்க உதவும் மென்பொருள்தான் டிரைவர்) என்று ஒரு பச்சைப் பட்டை நகர்ந்து, முக்கால் தூரம் போய்ச் சிவப்பாகி நின்றது. "பிழை. உடனே எங்கள் நிபுணரிடம் பேசுங்கள்" என்று ஓர் எண்ணும் வந்தது.

அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிறகு நான் என் கணினியில் அதே பக்கத்தைத் திறந்து, உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு மாடல் எண்ணைக் கற்பனையாகக் கொடுத்துப் பார்த்தேன். அதற்கும் பட்டை நகர்ந்தது. அதே இடத்தில் நின்றது. அதே பிழை வந்தது. கணினியில் எந்தக் கோப்பும் இறங்கவில்லை. அது வெறும் அசையும் படம். யார் வந்தாலும், எந்தப் பிரின்டராக இருந்தாலும், அது தோற்றுத்தான் போகும். தோற்பதற்காகவே செய்யப்பட்டது.

அத்தை அந்த எண்ணை அழைப்பதற்குள் அவர்களே அழைத்துவிட்டார்கள். முதலில் ஆங்கிலத்தில் ஒருவர் பேசினார். பிறகு தமிழ் பேசும் ஒருவரிடம் மாற்றிவிட்டார். "அம்மா, கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மிகுந்த மரியாதையோடு பேசியிருக்கிறார். தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியை நிறுவச் சொல்லி, திரையில் தோன்றும் எண்ணைக் கேட்டு வாங்கினார். அலுவலகங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஒழுங்கான செயலிதான் அது. ஆனால் முன்பின் தெரியாதவருக்கு அந்த எண்ணைக் கொடுத்தால் நம் கணினியே அவர் கைக்குப் போய்விடும். இந்தச் செயலி வழியாக யூபிஐ மோசடி நடப்பதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்திருந்தது.

உள்ளே வந்தவர் பிரின்டரைத் தொடவே இல்லை. விண்டோஸில் இருக்கும் ஈவென்ட் வியூவர் என்ற பதிவேட்டைத் திறந்து, அதில் நிறைந்திருந்த சிவப்பு, மஞ்சள் குறிகளைக் காட்டி, "இவை எல்லாம் வைரஸ் அம்மா, இவைதான் பிரின்டரைத் தடுக்கின்றன" என்றார். பிறகு கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் கட்டளையை இயக்கி, வரிசையாக ஓடிய எண்களைக் காட்டி, வெளிநாட்டிலிருந்து யாரோ கணினிக்குள் புகுந்திருப்பதாகச் சொன்னார். இரண்டும் பச்சைப் பொய். நன்றாக ஓடும் கணினியிலும் அந்தப் பதிவேட்டில் சிவப்புக் குறிகள் இருக்கும். ஏதாவது ஒரு சேவை தாமதமாகத் தொடங்கினால்கூட ஒரு வரி ஏறிவிடும். நெட்ஸ்டாட் காட்டுவது நம் கணினி அந்த நேரத்தில் தொடர்பில் இருக்கும் முகவரிகளை. ஓர் இணையதளத்தைத் திறந்து வைத்திருந்தாலே அங்கே பல வரிகள் வந்துவிடும்.

பாதுகாப்புத் திட்டம் 5,000 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 5,900. யூபிஐ வழியாக அனுப்பச் சொன்னார்கள். பணம் போய்ச் சேர்ந்தது ஒரு தனிமனிதரின் பெயரில் இருந்த கணக்குக்கு. ரசீது என்று மின்னஞ்சலில் வந்த தாளில் ஜிஎஸ்டி எண் அச்சிட்டிருந்தது. அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் அதைப் போட்டுத் தேடினேன். அப்படி ஒரு பதிவே இல்லை. இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் இலவசமாகச் செய்யலாம். ஜிஎஸ்டி எண்ணில் இலக்கங்களும் எழுத்துகளும் சேர்த்து மொத்தம் 15 இருக்க வேண்டும். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33.

அன்று மாலையே மறுபடியும் அழைத்திருக்கிறார்கள். மொபைலிலிருந்தும் அச்சடிக்க வழி செய்து தருவதாகவும், அதற்கு மொபைலில் அதே செயலியை நிறுவி, வங்கிச் செயலியைத் திறந்து வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். "பிரின்டருக்கும் என் வங்கிக் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு அத்தை அழைப்பைத் துண்டித்து எனக்குப் பேசினார். அந்தக் கேள்விதான் அவரைக் காப்பாற்றியது. மொபைல் திரையை அவர்கள் பார்க்க முடிந்திருந்தால் வரும் ஓடிபி எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும்.

உண்மையான கோளாறு என்ன தெரியுமா? விலை குறைந்த பல வைஃபை பிரின்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே ஏற்கும். அத்தை வீட்டு ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, 2.4-இல் பிரின்டரைச் சேர்த்ததும் விளக்கு மினுக்குவதை நிறுத்திவிட்டது. இதற்கு 5,900 ரூபாய்!

ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் பிரின்டரிலும் வைஃபை பொத்தானை அழுத்திப் பார்க்கலாம், கடவுச்சொல்கூடத் தேவையில்லை. எதுவும் சரிவராவிட்டால் யூஎஸ்பி கேபிளைச் செருகினால் போதும். விண்டோஸ் பெரும்பாலும் பிரின்டரைத் தானே கண்டுகொள்ளும். மொபைலுக்கு யாருடைய உதவியும் வேண்டாம். ஐபோனில் ஏர்பிரின்ட் 2010-ஆம் ஆண்டு முதலே இருக்கிறது. ஆண்ட்ராய்டு 8 முதல் அச்சுச் சேவை உள்ளேயே வருகிறது. பிரின்டரும் மொபைலும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும்.

பிரின்டர் நிறுவனங்கள் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை வைத்து விற்கும் பொருளின் மேல், உதவி எண்ணைக் கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒரு ஸ்டிக்கராக ஒட்ட முடியாதா? தமிழில் நான்கு வரி எழுதி வைக்க முடியாதா? வாங்குபவரைத் தேடல் பெட்டிக்கு அனுப்பும் ஒவ்வொரு மடிப்புத்தாளும் இந்தக் கும்பலுக்குத்தான் வழிகாட்டுகிறது. இப்போதைக்கு, பில் கொடுத்த கடைக்காரரையோ, உத்தரவாத அட்டையில் அச்சிட்ட எண்ணையோ மட்டும் அழையுங்கள். முகவரியை உலாவியின் மேற்பட்டையில் ஒவ்வோர் எழுத்தாக அடியுங்கள்.

ஏற்கெனவே அவர்களை உள்ளே விட்டிருந்தால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அந்தச் செயலியை நீக்குங்கள். கடவுச்சொற்களையும் யூபிஐ பின் எண்ணையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். சைபர் மோசடிகளுக்கான தேசிய உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். நாங்கள் செய்தோம், புகார் எண் வந்திருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. வங்கிக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அனுமதியின்றிப் பணம் போனதை வங்கிக்குத் தெரிவித்த பிறகும் இழப்பு ஏற்பட்டால், அதை வங்கியே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை கூறியது. அதனால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான எண்ணையும் நேரத்தையும் வங்கியிடம் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.