சொந்த அண்டாவா, வாடகை அண்டாவா?

கண்டனூரில் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. சாமான் அறையிலிருந்து நாலு பேர் சேர்ந்து ஒரு பித்தளை அண்டாவை இறக்கினார்கள். உள்ளே ஈயம் தேய்ந்து பச்சை பிடித்திருந்தது. "ஈயம் பூசுற காசுக்குக் காரைக்குடியில வாடகைக்கே எடுத்திரலாம்ணே" என்றார் பங்காளி ஒருவர். வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை. "அப்பத்தாவுக்கு வச்ச சாமான்டா இது" என்றார்.

ஏஐக்குக் கணினித் திறன் சேர்க்கும் அரசுகளும் இப்போது இதே பேச்சில்தான் இருக்கின்றன. இயந்திரத்தைச் சொந்தமாக வாங்கி வைப்பதா, வாடகைக்கு எடுப்பவர்களுக்கு மானியம் தருவதா?

முதலில் சொந்த அண்டா. இந்தியா 2015லேயே 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் திட்டத்தைத் தொடங்கியது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக்கும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) நடத்துகிற திட்டம் அது. அதில் நமக்குப் பக்கத்தில் இருப்பது திருச்சி என்ஐடியில் 2022ல் வந்த 'பரம் பொருள்', 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குப் போடும் வேகம். இன்றைய ஏஐ வேலைக்கு அது சின்ன இயந்திரம்தான். ஆனால் அதை இயக்கி, சூடு தணித்து, வரிசையில் நிற்கும் வேலைகளைப் பிரித்துவிடக் கற்றுக்கொண்டவர்கள் திருச்சியிலேயே இருக்கிறார்கள். இது எந்தக் கணக்கிலும் ஏறாத வரவு.

பிரிட்டனும் இந்த வழியில்தான் போகிறது. பிரிஸ்டலில் 22.5 கோடி பவுண்டு செலவில் 5,448 சிப்களோடு இசம்பார்ட் ஏஐ 2025 ஜூலையில் முழுமையாக இயங்கத் தொடங்கியது. அதே நாட்டில் எடின்பரோவுக்கு அறிவித்திருந்த 80 கோடி பவுண்டு இயந்திரத்தை 2024 ஆகஸ்டில் புது அரசு நிறுத்திவைத்தது. அப்புறம் 2025 ஜூனில் 75 கோடி பவுண்டு தருவதாகச் சொல்லி மறுபடி எடுத்தது. சொந்தமாக வாங்குவதில் இந்தச் சங்கடம் உண்டு. பெரிய தொகையை ஒரே மூச்சில் எடுத்துவைக்க வேண்டும், ஆட்சி மாறினால் அது ஆட்டம் காணும்.

இப்போது வாடகை. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த இந்தியா ஏஐ மிஷனுக்கு ஐந்து ஆண்டுக்கு 10,372 கோடி ரூபாய். அதில் கணினித் திறனுக்கு மட்டும் 4,563 கோடி. ஏஐக் கணக்குகளைப் போடுகிற ஜிபியு கார்டுகளை இதில் அரசு வாங்கி அடுக்கவில்லை. தனியார் டேட்டா சென்டர்களைப் பட்டியலில் சேர்த்து, ஆராய்ச்சியாளரோ ஸ்டார்ட்அப்போ மாணவரோ அவர்களிடம் எடுக்கும் நேரத்துக்கு 40 சதவீதம் வரை தானே கட்டுகிறது. பத்தாயிரம் ஜிபியு என்று ஆரம்பித்த இலக்கு 38,000ஐத் தாண்டிவிட்டது. மானியம் போக ஒரு ஜிபியுவுக்கு மணிக்குச் சுமார் 65 ரூபாய் என்பது 2025 கணக்கு.

இந்த 65 ரூபாயைக் கொஞ்சம் பெருக்கிப் பார்ப்போம், வட்டிக்கடை ஊரில் இருந்துகொண்டு கணக்குப் போடாமல் விட முடியாது. ஒரு கார்டை இரவு பகலாக ஓட்டினால் வருஷத்துக்கு 5,69,400 ரூபாய். ஐந்து வருஷத்துக்கு ஏறக்குறைய இருபத்தெட்டரை லட்சம். உயர்ரகக் கார்டு ஒன்றை வாங்கவே இருபது லட்சத்துக்கு மேல் ஆகும், கரண்டும் குளிரூட்டலும் ஆள் சம்பளமும் தனி. ஆக ஓயாமல் ஓட்டுகிறவனுக்கே வாடகை பெரிய நஷ்டம் இல்லை. வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் ஓட்டுகிறவன் சொந்தமாக வாங்கினால் அது அசட்டுத்தனம்.

"ஐந்து வருஷம் கழித்து அரசு கையில் என்ன மிஞ்சும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐந்து வருஷத்தில் கார்டும் பழசாகிவிடும், பித்தளை மாதிரி எடைக்குக்கூடப் போகாது. தவிர, அண்டா யாருடையது என்றாலும் பித்தளை பெரும்பாலும் ஒரே கடையில் வாங்கியது. அந்தக் கடை, ஜிபியு செய்யும் அமெரிக்க நிறுவனமான என்விடியா.

சொந்தம் என்றால் எது நிற்கும் என்பதற்குக் காரைக்குடியிலேயே ஆதாரம் இருக்கிறது. 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்ப செட்டியார் கொடுத்தார். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி திறந்தது. அன்று வாங்கிய கருவிகளை வைத்துக்கொண்டா இன்று ஆராய்ச்சி நடக்கிறது? நின்றது இடமும் ஆட்களும்தான். அதனால் என் ஓட்டு இப்போதைக்கு வாடகைக்கு, அரை மனசோடு. அந்த 10,372 கோடியில் ஒரு பங்கைத் திருச்சி மாதிரி இடங்களில் ஆள் பழக்க ஒதுக்கினால் முழு மனசோடு போடுவேன்.

மூன்றாவதாக, சமைத்தே கொடுக்கச் சொல்லும் வழியும் உண்டு, அதாவது மொழியைப் படித்து எழுதும் ஏஐ மாதிரியையே செய்து தரச் சொல்வது. நம் நகரத்தார் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் வட்டிக்கடைக் கிட்டங்கி வைத்திருந்த சிங்கப்பூர், 2023 டிசம்பரில் 7 கோடி சிங்கப்பூர் டாலரை மொழி மாதிரிகளுக்கு ஒதுக்கியது. அங்கே உருவான சீ-லயன் மாதிரி தமிழையும் சேர்த்துக்கொண்டது. இங்கே 2025 ஏப்ரலில் இந்திய மொழி மாதிரி செய்ய சர்வம் என்ற ஸ்டார்ட்அப்பைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதத்துக்கு 4,096 ஜிபியு தருவதாகச் சொன்னார்கள். சாப்பாடு நன்றாக இருந்தால் சரி.

என் நண்பர் ஒருவரிடம் அவருடைய ஐயாவின் பர்மா கடைப் பேரேடுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாம் தமிழ் எண்கள். ௰, ௱ கூடப் பரவாயில்லை. மாகாணி, முக்காணி என்ற பின்னக் குறிகளை வாசிக்க வீட்டில் ஆள் இல்லை. இதைப் படிக்க ஒரு சின்ன மாதிரியைப் பழக்க நூறு மணி நேரம் ஒரு கார்டு ஓடினால் போதும் என்று வைத்தால், 6,500 ரூபாய். கல்யாணத்துக்கு அண்டா, ஜமுக்காளம் எடுக்கிற செலவு. காசைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அப்புறம், "விண்ணப்பம் யார் பேர்லண்ணே போடுறது?" என்றார். பழைய பேரேடு வைத்திருக்கும் தனி ஆளுக்கு அந்த வாசலில் எளிதாக நுழைவு இல்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர் யாரையாவது பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவரை பக்கங்களைப் போனில் படம் எடுத்துவைக்கிறார். மறுபக்கத்திலிருந்து வெள்ளிப்பூச்சி வாசித்துக்கொண்டு வருகிறது.