மிரர் டிஸ்க்கில் எந்த நகல் நிஜம்? எம்டிஏடிஎம் – எக்ஸ்ட்4-ஆ, இசட்எஃப்எஸ்ஸா?

பாளையங்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், கல்யாண வேலைதான் அதிகம். எடிட்டிங் கம்ப்யூட்டர் மூன்றுக்கும் படங்கள் இருப்பது ஒரே நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க் பெட்டி). ஐந்து வருடம் அதில் எம்டிஏடிஎம் மிரரும் (இரண்டு டிஸ்க்கில் ஒரே நகலை வைக்கும் லினக்ஸின் ரெய்டு) அதன்மேல் எக்ஸ்ட்4-ம் (லினக்ஸின் வழக்கமான கோப்பு அமைப்பு) ஓடின. போன வருடம், இந்த இரண்டு வேலையையும் தானே செய்யும் இசட்எஃப்எஸ்ஸுக்கு மாறிவிட்டேன்.

காரணம் ஒரே ஒரு படம். பழைய கல்யாண ஆல்பத்தை இன்னொரு பிரதி கேட்டு வந்தார்கள். எடிட்டிங் பையன் "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான். தாலி கட்டும் நேரத்துப் படம். முகங்கள் வரை சுத்தமாக இருந்தது. மாலைக்குக் கீழே ஊதாப் பட்டை இழுத்திருந்தது, அதற்கும் கீழே வெறும் சாம்பல். டிஸ்க் இரண்டிலும் பச்சை விளக்கு, ரெய்டில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. பேக்கப்பிலும் அதே பாதிப் படம்தான். பழைய டிஸ்க்கை மாற்றியபோது கெட்டதையே நகலெடுத்திருக்கிறோம். அந்த அம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

வேகம், விலை இரண்டிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. கிகாபிட் லைனில் எதை வைத்தாலும் நொடிக்கு 110 எம்பி சுமார்தான். எம்டிஏடிஎம் குறைந்த மெமரியில் ஓடும், எந்த லினக்ஸிலும் உடனே கிடைக்கும். டிஸ்க் முழுதாகச் செத்தால் இரண்டுமே காப்பாற்றும். டிஸ்க் தானாகவே "படிக்க முடியவில்லை" என்று சொன்னால் எம்டிஏடிஎம் அடுத்த டிஸ்க்கிலிருந்து எடுத்து எழுதிவிடும்.

சிக்கல், டிஸ்க் ஒன்றும் சொல்லாமல் தப்பான பைட்டுகளைக் கொடுக்கும்போதுதான். மாதாந்திரச் செக்கில் எம்டிஏடிஎம் இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டு, இத்தனை இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று ஓர் எண்ணைக் கொடுக்கும். எது சரி என்று அதற்குத் தெரியாது. ரிப்பேர் போட்டால் ஒரு டிஸ்க்கில் இருப்பதை எடுத்து மற்றதில் எழுதிவிடும். எடுத்தது கெட்டதாக இருந்தால் நல்லதும் போச்சு. எக்ஸ்ட்4 தன் மெட்டாடேட்டாவுக்கு (கோப்புப் பெயர், இடம் போன்ற விவரங்கள்) செக்சம் (தகவல் மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வைத்துக்கொள்ளும், படத்தின் உள்ளடக்கத்துக்கு வைக்காது. கோப்பு அமைப்பைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே பார்ப்பதும் கட்டமைப்பை மட்டும்தான்.

இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் (தகவலைப் பிரித்து வைக்கும் துண்டு) செக்சம் கணக்கிட்டு, அதை அந்தப் பிளாக்கோடு வைக்காமல் அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. படிக்கும்போது கணக்கு ஒத்துவரவில்லையென்றால் மற்ற டிஸ்க்கின் நகலைப் பார்க்கும். அது ஒத்துவந்தால் அதைக் கொடுத்துவிட்டு, கெட்டதன் மேலேயே நல்லதை எழுதிவிடும். யாரும் திறக்காத பழைய ஆல்பங்களையும் ஸ்கிரப் என்ற முழுச் சோதனை தேடிப் படித்துவிடும். டெபியன் லினக்ஸில் அது மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று தானே ஓடும்.

மாறிய மூன்றாம் மாதம் ஸ்டேட்டஸில் ஒரு டிஸ்க்குக்கு நேரே செக்சம் பிழை 3 என்று காட்டியது, எல்லாம் சரிசெய்யப்பட்டிருந்தது. டிஸ்க்கை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றி, பிழைக் கணக்கை அழித்து மறுபடி ஸ்கிரப் ஓட்டினேன். 0. பழைய அமைப்பில் இது என் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

பராமரிப்பில் சில தொல்லைகள் உண்டு. லைசென்ஸ் காரணமாக இசட்எஃப்எஸ் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் வராது, தனி மாட்யூலாகத்தான் சேர்க்க வேண்டும். கெர்னல் அப்டேட் ஆகும்போது மாட்யூலும் சேர்ந்து ஏறியதா என்று பார்த்தாக வேண்டும். ஒற்றை டிஸ்க்கில் வைத்தால் கெட்ட கோப்பின் பெயரைச் சொல்லும், சரிசெய்ய அதற்கு நகல் வேண்டும். செக்சம் போடுவதற்கு முன்பே ராமில் பைட் மாறினால் தப்புக்கே சரியான முத்திரை விழுந்துவிடும். அதனால் இப்படிப்பட்ட பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி ராம் போட்டேன்.

பிட்டர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு அமைப்பும் செக்சம் வைக்கும், கெர்னலிலேயே இருக்கிறது. நண்பர் பெட்டியில் இரண்டு மாதம் மட்டும் மிரராக ஓட்டிப் பார்த்தேன், குறையில்லை. அதன் ரெய்டு 5, 6 (மிரருக்குப் பதில் பல டிஸ்க்கில் பிரித்து வைக்கும் முறைகள்) பக்கம் மட்டும் போகாதீர்கள், அதை உருவாக்கியவர்களே இன்னும் பரிந்துரைக்கவில்லை.

அப்புறம், 2023 டிசம்பர் மழையில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணீர் நின்றதைப் பார்த்தவன் நான். வெள்ளத்துக்கு எந்தச் செக்சமும் உதவாது. வாரம் ஒருமுறை ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நிலையின் பதிவு) ஒரு தனி டிஸ்க்குக்கு அனுப்பி, தென்காசியில் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைக்கிறேன். அது திரும்பி வரும்போதெல்லாம் முதல் வேலையாக அதற்கும் ஒரு ஸ்கிரப்.